தாமதம் யாருக்கு லாபம்?

ஒரு தொழிலாளியின் கை போனால் அதற்கு இந்த நாட்டில் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம். மூன்று விரல் போனால் 30. நான்கு விரல் போனால் 50. கட்டைவிரல் மட்டும் போனால் 30. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு சேர்ந்த முதல் அட்டவணையில் இது இருக்கிறது. சமூகவியல் முதுகலையில் உழைப்பு பற்றி இரண்டு தாள்கள் எழுதித் தேறியவன் நான். இந்த அட்டவணையை எனக்குக் காட்டியது வகுப்பறை அல்ல. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் வலது கையின் மூன்று விரல்களை இழந்த ஓர் அண்ணன்தான் காட்டினார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அச்சகத்தின் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். களத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும்.

அது ஆறு பேர் வேலை செய்யும் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கோயில் நோட்டீஸ். அண்ணன் அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தார். நாள் கூலி 600 ரூபாய், சனிக்கிழமைதோறும் கையில் பட்டுவாடா. ரசீது கிடையாது. 2020 டிசம்பரில், காலண்டர் சீசனில், இரவு எட்டரை மணிக்குப் பேப்பர் கட்டிங் மெஷினில் கை போனது. அப்போது அவருக்கு வயது 40. முதலாளியே ஆட்டோ பிடித்து அழைத்துப் போனார். மருந்துச் செலவுக்கு 18,000 ரூபாய் கொடுத்தார். பிறகு ஒரு பத்திரத்தாளில் கையெழுத்து வாங்கினார். எழுதும் கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரல் ரேகை. கூட ஒரு 25,000 ரூபாய். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. மீதியைப் பொங்கல் முடிந்ததும் தருவதாக வாய்ச்சொல்.

பொங்கல் முடிந்தது. தை முகூர்த்தம் முடியட்டும் என்றார். அப்புறம் இரண்டாவது அலை ஊரடங்கு, கல்யாணமே இல்லை, பத்திரிகை யார் அடிக்கிறார்கள் என்றார். அப்புறம் ஆடி. அப்புறம் ஆவணி. அண்ணனும் விடாமல் போய் நின்றார். போகும்போதெல்லாம் இருநூறு முந்நூறு கையில் வைப்பார், காபி வாங்கிக் கொடுப்பார். 'உன்ன நம்ம வீட்டு ஆள் மாதிரி வச்சிருந்தேன்டா' என்பார். இதற்கிடையில் அண்ணன் குடும்பத்தை மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். இருநூறு ரூபாய்க்காகப் பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வந்துபோக அரை நாள் ஆகும். 2022 செப்டம்பரில்தான், எங்கள் மாலை நேர வகுப்புக்கு வரும் அவருடைய மகள் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள்.

நான் முதலில் பார்த்தது தேதியைத்தான். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டு ஆணையர் முன் மனு போட வேண்டும் என்பது 1923 சட்டத்தின் விதி. தக்க காரணம் சொன்னால் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் அதற்கும் தனியாகப் போராட வேண்டும். இரண்டு ஆண்டு முடிய மூன்று மாதம் கூட இல்லை. பொங்கல், ஆடி, ஆவணி என்று முதலாளி நாள் கடத்தியதெல்லாம் எங்கே கொண்டுபோய் விட இருந்தது என்பது அப்போது புரிந்தது. இதை அவர் தெரிந்தே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது எனக்குத் தேவையில்லை. காலாவதி தேதி தெரியாதவரைக் காத்திருக்க வைத்தாலே போதும், உரிமை தானாகச் செத்துவிடும்.

அடுத்த கேள்வி இ.எஸ்.ஐ. ஒரு தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. பாதுகாப்பு இருந்தால் அவர் அங்கேதான் உதவி கேட்க வேண்டும், இந்தச் சட்டத்துக்கு வர முடியாது. இ.எஸ்.ஐ. எங்கிருந்து வந்தது என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பொறுப்பில் வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான் பேராசிரியர் அதார்க்கரின் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு அறிக்கை 1944இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தை அது தொடவில்லை. நம் மக்களில் எத்தனையோ பேர் இந்த ஆறு பேர், ஏழு பேர் இடங்களில்தான் இருக்கிறார்கள். சின்ன பட்டறை, சின்ன அச்சகம், காயலான் கடை. அவர்களுக்கு மிச்சம் இருப்பது இந்த இழப்பீட்டுச் சட்டம் ஒன்றுதான். அச்சடிப்பதும் புத்தகம் பைண்டிங் செய்வதும் தொழிற்சாலைச் சட்டத்தின்படி உற்பத்தி வேலை. அதனால் ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் இந்தச் சட்டத்திலிருந்து முதலாளி தப்ப முடியாது.

வக்கீலுக்கு எங்கே போவது? தி.நகரில் ஒருவர் முன்பணம் கேட்டார், வருவதில் மூன்றில் ஒரு பங்கும் கேட்டார். நாங்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12. இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் முதலில் இருப்பது பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். வருமானச் சான்று தேவையில்லை, சாதிச் சான்று போதும். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோரும் அதே பட்டியலில் உண்டு. அண்ணன் மூன்று வகையில் தகுதி உள்ளவர். பள்ளிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் மட்டும் நாம் எடுத்து நீட்டும் அந்தச் சான்றிதழ் நீதிமன்ற வாசலையும் திறக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்த பெண் வழக்கறிஞர் இளையவர், பொறுமையாகக் கேட்டார். முதல் நாளே அந்தப் பத்திரத்தாளைப் படித்துவிட்டு, 'இதைப் பற்றிக் கவலையே படாதீங்கண்ணா' என்றார்.

காரணம் இருக்கிறது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்துத் தொழிலாளி போடும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று பிரிவு 17 சொல்கிறது. மொத்தத் தொகையாகப் பேசி முடித்தால் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் முழு இழப்பீட்டுக்கும் முதலாளியே பொறுப்பு. மருத்துவச் செலவுக்குக் கொடுத்த பணத்தையும் இழப்பீட்டில் கழிக்க முடியாது. நம் தெருக்களில் எத்தனை வீட்டில் இப்படிப்பட்ட பத்திரத்தாள் பெட்டிக்குள் கிடக்கிறது, 'கையெழுத்துப் போட்டாச்சே' என்று எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கே மனு போடுவது என்பதிலும் பயம் இருந்தது. வீடு பெரும்பாக்கத்தில், அச்சகம் மயிலாப்பூரில், முதலாளி குடியிருப்பது அடையாறில். விபத்து நடந்த இடம், தொழிலாளி வாழும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இவற்றில் எதற்குரிய ஆணையரிடமும் போகலாம் என்று பிரிவு 21 சொல்கிறது. நகரத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். சென்னையில் தொழிலாளர் ஆணையரகம் இருப்பது தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். மெட்ரோ நிலையமே வாசலில் இருக்கிறது. ஆனாலும் அந்த வளாகத்தைத் தாண்டி அண்ணா சாலையில் தினம் போய்வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. 2022 நவம்பரில் மனுவைப் போட்டோம்.

முதலாளி தரப்பின் பதிலைப் படித்த நாளை என்னால் மறக்க முடியாது. 'மனுதாரர் எங்களிடம் இயந்திரத் தொழிலாளியாக இருந்ததில்லை. கூட்டிப் பெருக்கவும் கழிவறை சுத்தம் செய்யவும் எப்போதாவது வந்துபோனவர். யாரும் சொல்லாமல் தானாகவே இயந்திரத்தைத் தொட்டு விபத்தை வரவழைத்துக்கொண்டார்.' பதினோரு வருடம் லட்சக்கணக்கில் பத்திரிகை வெட்டிய கையை ஒரே வரியில் துடைப்பம் பிடிக்கும் கையாக மாற்றிவிட்டார்கள். சட்டப் புத்தகத்தில் சாதி என்ற சொல்லே இல்லாத ஒரு வழக்கில் சாதி எப்படி நுழைகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இவன் இன்ன சாதி, ஆகவே இவன் பெருக்குகிறவனாகத்தான் இருந்திருப்பான் என்று கேட்பவர் நம்பிவிடுவார் என்கிற தைரியம் இருந்தால்தான் அப்படி ஒரு பொய்யை எழுத முடியும்.

அண்ணி அதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: 'பெருக்குறவரா இருந்தா மட்டும் விரல் முளைச்சிடுமா தம்பி?'

சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. வேலையின்போது, வேலை காரணமாக நடந்த விபத்து என்றால் முதலாளி பொறுப்பு. தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி நழுவ முடியாது. குடித்திருந்தார், பாதுகாப்புக்காக வெளிப்படையாகப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே கழற்றினார் என்பவற்றில் ஒன்றை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். அந்த அச்சகச் சுவரில் ஓர் எச்சரிக்கைப் பலகை கூட இல்லை.

இந்தச் சாக்குகள் புதியவை அல்ல. ஒடிசாவில் ஸ்ரீனிவாச சபதா என்ற தச்சர் 1968இல் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து இடது கையை இழந்தார். அவர் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அவர் தொழிலாளியே இல்லை, தற்காலிக ஒப்பந்தக்காரர், விபத்துக்கு அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று முதலாளி பிரதாப் நாராயண் சிங் தேவ் பதில் எழுதினார். ஆணையர் 9,800 ரூபாய் இழப்பீடும் அதில் பாதியை அபராதமாகவும் 6 சதவீத வட்டியும் போட்டார். முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1975 டிசம்பர் 4 அன்று நான்கு நீதிபதிகள் அமர்வு இரண்டு விஷயங்களை உறுதி செய்தது. தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, ஆகவே அந்தத் தச்சருக்கு அது முழு ஊனம். இழப்பீடு கொடுக்க வேண்டிய கடமை விபத்து நடந்த அன்றே பிறந்துவிடுகிறது. ஆணையர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று முதலாளி காத்திருக்க முடியாது. இன்று இந்தியா முழுக்க விபத்து நாளிலிருந்து வட்டி கேட்கிறோம் என்றால் அந்தத் தச்சரின் பிடிவாதம்தான் காரணம்.

அண்ணன் இயந்திரத்தில்தான் வேலை பார்த்தார் என்பதற்கு எங்களிடம் இருந்தது என்ன? கூட வேலை செய்தவர்கள் சாட்சிக்கு வர பயந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கும் சனிக்கிழமை கூலி வேண்டும். ஆனால் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், வேலையிடத்தில் பேப்பர் வெட்டும் இயந்திரத்தில் பட்ட காயம் என்று மருத்துவர் அன்றே எழுதியிருந்தார். அண்ணன் பழைய போனைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதில் முதலாளியின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள். 'அந்த ரெண்டாயிரம் கார்டு கட்டிங் முடிச்சிட்டியா, பார்ட்டி வந்து நிக்கிறாங்க' என்று ஒன்று. அந்தக் குரலை விசாரணையில் ஓட விட்டபோது எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டார். அதற்கு முன்னும் பின்னும் பல வாய்தா. மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் 2009இல் திருத்தம் செய்தார்கள். எங்களுக்குப் பதினாறு மாதம் ஆனது.

2024 மார்ச்சில் உத்தரவு வந்தது. கணக்கை எல்லோரும் போட்டுப் பழக வேண்டும், அதனால் விரிவாகச் சொல்கிறேன். அண்ணனின் மாதக் கூலி 15,600 ரூபாய். சட்டம் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு, 2020 ஜனவரி முதல், 15,000. அதில் 60 சதவீதம் 9,000. நாற்பது வயதுக்கு நான்காம் அட்டவணையில் உள்ள காரணி 184.17. பெருக்கினால் 16,57,530. மூன்று விரலுக்கு 30 சதவீதம் என்றால் 4,97,259 ரூபாய். அதோடு விபத்து நாளிலிருந்து 12 சதவீத வட்டி, கூடவே 25 சதவீத அபராதம்.

தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை. மேல்முறையீடு போகிறோம் என்று முதலாளி தரப்பு சொன்னது. முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிவிட்டுத்தான் முதலாளி உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியும். அவர் கட்டவும் இல்லை, போகவும் இல்லை. சும்மா இருந்தார். ஒருநாள் நேரில் கேட்டபோது என்னிடம் தணிந்த குரலில், 'உங்க ஆளுங்க கையில மொத்தமா காசு குடுத்தா நிக்குமா தம்பி? மாசா மாசம் ரெண்டாயிரம் குடுத்துடறேனே' என்றார். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் சொன்ன கணக்கில் அசல் மட்டும் அடைய இருபது வருடம் ஆகும்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. முதலாளி அந்த 4,97,259 ரூபாயை ஒரு வருடம் கொடுக்காமல் வைத்திருந்தால் அவர் தர வேண்டிய வட்டி 59,671 ரூபாய். அதே காலத்தில் அண்ணன் சிகிச்சைக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒரு லட்சம் கடன் வாங்கியிருந்தார், நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு. மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. அதாவது ஏறக்குறைய ஐந்து லட்சத்தை வைத்துக்கொள்ள முதலாளி கொடுக்கும் விலையும், ஒரே ஒரு லட்சத்தைத் தொட அண்ணன் கொடுத்த விலையும் ஒன்று. அடமானம் இல்லாமல், ஜாமீன் இல்லாமல், இந்த வட்டிக்கு அந்த முதலாளிக்கு வெளியே யார் கடன் கொடுப்பார்கள்? தொழிலாளிதான் கொடுக்கிறார். விரல் போன தொழிலாளி முதலாளிக்குக் கடன் கொடுத்துவிட்டு, தான் தண்டல்காரரிடம் போய் நிற்கிறார். அலுவலகச் சோம்பலாலும் வக்கீல் வாய்தாவாலும் தாமதமாகிறது என்று நாம் பேசுகிறோம். அவை உண்மைதான். ஆனால் தாமதம் லாபமாக இருக்கும் வரை அது தீராது. யாரிடம் சேமிப்பு இல்லையோ, நிலம் இல்லையோ, கைமாற்றுக் கொடுக்கச் சொந்தத்தில் ஆள் இல்லையோ, அவரால் காத்திருக்க முடியாது. இந்த ஊரில் யாரிடம் அவை இல்லாமல் போயின, ஏன் போயின என்பது சாதியின் வரலாறு. காத்திருக்க முடியாதவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

அதனால்தான் அபராதத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறேன். தக்க காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம் போடலாம், அதுவும் தொழிலாளிக்கே சேரும். வட்டியை யாரும் மறுப்பதில்லை. அபராதத்துக்கு முதலாளியிடம் தனியாக விளக்கம் கேட்க வேண்டும், அதற்கு நாம் மனுவிலேயே கோர வேண்டும். பல மனுக்களில் அந்தக் கோரிக்கையே இருப்பதில்லை.

பணம் கட்டாத முதலாளியிடம் அதை நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் பிரிவு 31 இருக்கிறது. 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் வழியாக நடவடிக்கை. நிலவரி கட்ட முடியாத உழவர்களின் உடைமைகளைப் பிடித்துப் போன ஒரு காலத்தின் சட்டம் அது. அதை ஒரு கூலித் தொழிலாளிக்காகத் திருப்பிவிட முடிகிறது என்பதே ஒரு நிறைவு. 2024 ஜூனில் மனு கொடுத்தோம். கோப்பு ஓர் அலுவலகத்தில் ஐந்து மாதம் படுத்துக் கிடந்தது. மாதம் இருமுறை நான் போனேன், போன தேதியையெல்லாம் எழுதி வைத்தேன், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டேன். கோப்பு எழுந்து நடந்தது. இயந்திரங்களை ஜப்தி செய்யும் நோட்டீஸ் போன ஒன்பதாவது நாள், 2025 பிப்ரவரியில், அசலும் வட்டியுமாக 7,45,000 ரூபாய்க்கு மேல் ஆணையரிடம் கட்டப்பட்டது. இல்லாத பணம் ஒன்பது நாளில் எங்கிருந்து வந்தது என்று அண்ணன் சிரித்தார். அபராதத் தொகை இதை எழுதும் நாள் வரை வரவில்லை. அதற்கும் அலைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

கடனை அடைத்தது போக மீதியில் மகளின் கல்லூரிக் கட்டணம். அண்ணன் இப்போது அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் பார்க்கிறார்.

பெரிய தீர்ப்புகளிலும் இதே இடைவெளிதான். பாதாளச் சாக்கடையில் இறந்தோர் குடும்பங்களுக்கு, 1993 முதல் கணக்கிட்டு, தலா 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20 அன்று, பல்ராம் சிங் வழக்கில், அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். இந்த எண்களை நாம் சுவரொட்டியில் அடிக்கிறோம். சுவரொட்டிக்கும் ஒரு தாயின் வங்கிக் கணக்குக்கும் இடையில் உள்ள தூரத்தை நடக்க ஆள் வேண்டும். அந்த ஆள் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. தேதி குறித்து வைக்கத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி போதும்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 1923 சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. 12 சதவீத வட்டியும் 50 சதவீதம் வரையான அபராதமும் அதிலும் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டத்தில் பிறந்த உரிமை அழிந்துவிடவில்லை. 'சட்டமே போயிடுச்சு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தோழர்களே, உங்கள் தெருவில் யாருக்காவது வேலையில் அடிபட்டால் அன்றைக்கே நான்கு வேலை செய்யுங்கள். மருத்துவரிடம் காயம் எங்கே, எதில், எப்படிப் பட்டது என்று சொல்லிப் பதிய வைத்து நகல் வாங்குங்கள். போனில் உள்ள குரல் பதிவு, பணம் வந்த செய்தி, வேலையிடப் படம் எல்லாவற்றையும் வேறோர் இடத்திலும் சேமியுங்கள். முதலாளிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விபத்துத் தேதியை வீட்டுச் சுவர் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பிறகு சாதிச் சான்றோடு சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். முதலாளி காபி வாங்கிக் கொடுத்தால் குடித்துக்கொள்ளலாம், கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.

ஜெய் பீம்.